வேலிக் கடதாசிப் பெட்டி

அத்தியாயம் ஆறு

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற காலை பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது, கடைசி சீட்டில் இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, டிரைவரிடம் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டார். டிரைவரும் தன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கொடுத்தார். பாதை அவ்வளவு வளைவு. இதை நம்பாதவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் அந்த பஸ்ஸில் ஏறாதவர்கள். அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

நடுச்சீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் துப்பறியும் சண்முகராஜா. அட்டன் பஜாரில் மூக்குப்பொடிக் கடை வைத்திருப்பவர். ஒரு சிட்டிகைப் பொடியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, அது எந்தக் கடைப் பொடி, எந்த மாதம் இடித்தது, இடித்தவன் அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தானா என்பது வரை சொல்லிவிடுவார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் அழகுமுத்து. முதலாளியைவிடப் பத்து வயது மூத்தவர். இருபத்தைந்து வருஷம் தோட்டந்தோட்டமாகத் தபால்பை சுமந்தவர். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது, பிரிக்காமலே படித்துவிடுவார்.

மூன்றாவது ஆள் பூரணி. கரடிமூக்குத் தோட்டத்துத் தச்சாசாரி மாயாண்டியின் மனைவி. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அட்டனுக்கு வந்து, கடைக்கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றவள்.

"சாயந்திரம் நாலு மணிக்குள்ள பெட்டி வரலைன்னா எங்களுக்குப் பத்துச்சீட்டுன்னு தொரை சொல்லிட்டாருங்க," என்றாள்.

பத்துச்சீட்டு என்றால் வேலை நீக்கம். வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். காலையில் கூரைக்குக் கீழே எழுந்தவர்கள் மாலையில் சட்டிபானையோடு ரோட்டில் நிற்பார்கள்.

"பெட்டியில என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டார் சண்முகராஜா.

"உப்புத்தாளுங்க. மரத்தைத் தேய்ச்சு வழவழன்னு ஆக்குவாங்களே, மணல் ஒட்டின தாளு, அதுதான். கொழும்புலேருந்து ஒரு தேய்க்கிற மெஷின் வந்துச்சு. அதுக்குப் போடற தாளு அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. நேத்து சாயந்திரம் கொழுந்து நிறுக்கிற நேரத்துல பெட்டியக் காணோம்."

"உப்புத்தாளுக்கே ஒரு குடும்பத்தை அனுப்புறாரா?" என்றார் அழகுமுத்து. "நல்லவேளை, ஆணிப்பெட்டி தொலையல. தோட்டத்தையே காலி பண்ணியிருப்பாரு."

"மெஷின் வந்தா கைவேலை போயிரும்னு பயந்து இவரே ஒளிச்சிட்டாருன்னு தொரை நெனைக்கிறாருங்க."

"ஒளிச்சாரா?"

"அந்த ஆளா?" பூரணிக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. "பெட்டியிலேருந்து எடுத்த அன்னைக்கே மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வச்சாருங்க. பேரு வேற வச்சிருக்காரு."

"என்னா பேரு?"

பூரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாகலெட்சுமி."

"நல்ல பேருதானே?"

"என் தங்கச்சி பேருங்க."

அழகுமுத்து சண்முகராஜாவின் காதருகே சாய்ந்தார். "முதலாளி, தொரை குடுக்காட்டியும் இந்தம்மா குடுத்துரும் பத்துச்சீட்டு."

*

கரடிமூக்குத் தோட்டத்துக்கு இங்கிலீஷில் வேறு பெயர் உண்டு. அதைத் துரையும் தபாலும் மட்டும்தான் உபயோகித்தார்கள். துரைக்கும் வேறு பெயர் உண்டு. அதை ஒருவரும் உபயோகிக்கவில்லை. கால் நீளத்தால் அவர் கொக்குத் துரை.

தச்சுக் கொட்டகையில் அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். மற்றொரு கால் பலகைமேல் இருந்தது. அதைப் பலகை என்று சொல்வது குறைத்துச் சொல்வதாகும். நாலரை அடி அகலம், பன்னிரண்டு அடி நீளம், ஒரே துண்டாக அறுத்த சந்தனவேம்பு. அதன்மேல் தோட்டத்து ஆட்களை நிறுத்தி, காலை ஆள்கணக்கான பெரட்டு எடுக்கலாம். நாலைந்து பேர்தான் வெளியே நிற்க வேண்டியிருக்கும். பங்களாவுக்கு விருந்து மேசை செய்ய வேண்டும் என்பது துரையின் ஆசை. அறுத்த ரம்பத்தின் பல்தடம் வயல் வரப்பு மாதிரி பலகை முழுக்க ஓடியது. அதைத் தேய்த்து எடுக்க எந்த மெஷினை வாங்குவது என்று பார்க்கத்தான் இரண்டு மெஷின்களைப் பரீட்சைக்கு வரவழைத்திருந்தார்.

"யார் நீ?" என்றார் துரை, தோட்டத்துத் தமிழில். "பொடிக்காரன்? இங்கே என்ன வேலை?"

"பெட்டி தேடுற வேலைங்க," என்றார் சண்முகராஜா.

"நல்லது. நாலு மணி. பெட்டி இல்லை, ஆசாரி இல்லை. தட்டு மெஷின் வாங்கும். சரியா?"

தட்டு மெஷின் பலகையின் ஒரு ஓரத்தில் இருந்தது. அதன் பக்கத்தில், கழுத்துப்பட்டி கட்டிய ஏஜெண்டு நாகரத்தினம். மெஷினோடு கொழும்பிலிருந்து ரயிலில் வந்தவர். கேட்பதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டார். தேயிலை ஸ்டோரின் டைனமோவிலிருந்து வந்த கம்பி ஒருமுறை துடித்தது. வட்டமான இரும்புத் தட்டு, உப்புத்தாளைக் கட்டிக்கொண்டு, ஆயிரம் வண்டு சேர்ந்து இரைவதுபோல் சுழன்றது. இரண்டே நிமிஷம். ரம்பத் தடம் இருந்த மூலை வெளுத்து, வழவழத்து, துரையின் முகமும் வழவழத்தது.

"பார்த்தீங்களா வேகத்தை!" என்றார் நாகரத்தினம்.

மாயாண்டி முன்னால் வந்தார். நெடிய, கூனல் விழுந்த மனிதர். ஒரு ஈரத்துணியை எடுத்து அந்த மூலையைத் துடைத்தார். ஈரம் பட்டதும் மரத்துக்குள்ளிருந்து வட்டங்கள் எழுந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, பிறைபிறையாக.

"இப்பக் காஞ்சிருச்சுன்னா மறைஞ்சிருமுங்க," என்றார். "எண்ணெய் போட்டு, மேல விளக்கு வச்சா மறுபடி தெரியும். ஈரக்கோப்பைய பலகை பூரா வச்சு வச்சு எடுத்த மாதிரி இருக்கும். விருந்துக்கு வர்ற தொரைமாரு எல்லாம் மேசையத் தொடச்சிக்கிட்டே உக்காந்திருப்பாங்க."

"அப்ப மத்த மெஷின்?" என்று கேட்டார் சண்முகராஜா.

மாயாண்டியின் குரல் மாறியது. கொட்டகையின் மறுகோடியில், நெற்றியில் சந்தனப் பொட்டோடு, தேய்க்கிற தாளில்லாமல் உட்கார்ந்திருந்தது பட்டி மெஷின். இரண்டு உருளை, நடுவே தட்டையான அடிப்பாகம்.

"இதுல தட்டு கிடையாதுங்க. ரெண்டு முனையும் ஒட்டி வளையமாக்கின உப்புத்தாள் பட்டி ஒண்ணு உருளை மேல ஓடும். மரத்து நார் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஓட்டலாம். வட்டம் விழாது. தட்டு மெஷினைக் கொஞ்சம் சாய்ச்சாப் பள்ளம் பறிச்சிரும். இவ அடிவயிறு தட்டை, பலகையில படுத்த மாதிரி போவா. அமுக்க வேணாம், அவ கனமே போதும். சின்னச் சாமானுக்கு, வளைவுக்கு, தட்டு மெஷின் நல்லதுதான், இல்லேங்கல. இம்மாம் பெரிய பலகைக்கு நாகலெட்சுமிதான்."

பூரணி தொண்டையைக் கனைத்தாள்.

"மெஷினைச் சொன்னேன்," என்றார் மாயாண்டி.

"பட்டி எத்தனை வகை?"

"மூணுங்க. முதுகுல நம்பர் போட்டிருக்கும். மொதல்ல நாப்பது, அது முரடு. அப்புறம் எம்பது. கடைசியா நூத்தி இருபது, அது நைசு. நம்பர் ஏற ஏற வழவழப்பு ஏறும்." அவர் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். "இதைக் கையால தேய்ச்சா ஒரு மாசம். அதுக்கப்புறம் இந்தத் தோளு இருக்காது. நான் ஏன் சாமி ஒளிக்கப் போறேன்?"

"பெட்டி வச்ச அலமாரிச் சாவி?"

"என் பொறுப்புத்தான். அந்த ஆணியில தொங்கும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"பூட்டு ஒரு மரியாதைக்குத்தானுங்க."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தரை. பங்களா பக்கம் நடந்தார். இரண்டு எட்டில் மறைந்துவிட்டார்.

*

"நாலு மணிக்குப் பெட்டி வரலைன்னா லாபம் யாருக்கு?" என்றார் அழகுமுத்து. "கழுத்துப்பட்டிக்கு. வாங்க, கழுத்துப்பட்டியப் பிடிப்போம்."

சண்முகராஜா ஏஜெண்டு நாகரத்தினத்திடம் போய்ப் பொடிடப்பியைத் திறந்து நீட்டினார். இது அவருடைய பரீட்சை. மனசில் களவு இருப்பவன் தும்மலை அடக்குவான். சத்தம் போட்டால் ஆள் திரும்பிப் பார்ப்பானே என்ற பயம். இந்த முறையால் அவர் இதுவரை மூன்று திருடர்களையும் ஜலதோஷம் பிடித்த ஒரு பாதிரியாரையும் பிடித்திருக்கிறார்.

நாகரத்தினம் பதினொரு முறை தும்மினார். பன்னிரண்டாவதுக்கு வாயைத் திறந்து, மனம் மாறி மூடினார். கொட்டகைத் தகரத்தில் இருந்த காக்கைகள் பறந்து போய்த் தலவாக்கலையில் இறங்கின என்று பிறகு தெரியவந்தது.

"இவர் இல்லை," என்றார் சண்முகராஜா.

"என்னையா சந்தேகப்பட்டீங்க?" நாகரத்தினம் மூக்கைத் துடைத்தார். "போட்டியில ஒரே குதிரை ஓடினா, ஜெயிச்சதுன்னு எவன் ஒத்துக்குவான்? நாளைக்குப் பொகவந்தலாவை பூரா 'அங்க எதிர் மெஷின் ஓடவே இல்லையாமே'ன்னு கேப்பாங்க. நேத்து சாயந்திரம் நான் தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் முன்னால உக்காந்திருந்தேன். குறுக்குப் பாதையில வந்து, கால்ல ரத்தம் குடிக்கிற அட்டை முப்பத்தெட்டு. அவர் ஒவ்வொண்ணா எடுத்தார். கடைசி அட்டை எறங்கினப்ப என்னைவிட அது கனமா இருந்துச்சு."

டிஸ்பென்சரிடம் விசாரித்தார்கள். முப்பத்தெட்டு இல்லை, நாற்பத்தொன்று என்றார். மூன்றை ஏஜெண்டு அவமானத்தில் மறைத்துவிட்டார். மற்றபடி சாட்சி பலமாக இருந்தது. மணி பன்னிரண்டு. கையிலிருந்த ஒரே துப்பும் தும்மலோடு போயிற்று.

"இனிமே எங்க?" என்றார் அழகுமுத்து.

"பெட்டி எப்படிப் போச்சுன்னு பாத்தாச்சு. எப்படி வந்துச்சுன்னு பாப்போம்."

தோட்டத்துக்குள் வரும் சாமான்களை ஸ்டோரில் வைரவன் கணக்கப்பிள்ளை ஒரு நீளப் புத்தகத்தில் எழுதி வைப்பார். முத்து முத்தான கையெழுத்து. சண்முகராஜா புத்தகத்தைத் திருப்பி வியாழக்கிழமையில் விரலை வைத்தார்.

'மெஷின் ஒன்று. வேலிக் கடதாசி, பெட்டி ஒன்று. துரை பார்வைக்கு.'

"வேலிக் கடதாசியா?" என்றார் அழகுமுத்து. "மெஷினுக்கு எதுக்குங்க வேலி? அவுத்துக்கிட்டு ஓடிருமா?"

வைரவன் முறைத்தார். "லொறிக்கார ரன்பண்டா எறக்கி வச்சிட்டு அப்பிடித்தான் சொன்னான். நான் சொன்னதை எழுதுற ஆளு. பெட்டி ஆணி அடிச்சிருந்துச்சு, தெறந்து பாக்கிறது என் வேலையில்லை."

"யாரு தூக்கிட்டு வந்தாங்க?"

"பெரிய கங்காணி சோலைமலையோட ஆளுங்க. அவருதான் கையெழுத்துப் போட்டாரு. இந்தா பாருங்க. அவரு எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள லொறி பொகவந்தலாவை போய்ச் சேந்திருச்சு."

"படிச்சப்ப ஏதாவது சொன்னாரா?"

வைரவன் யோசித்தார். "ஒண்ணும் சொல்லல. தலப்பாவைக் கழட்டி நெத்தியத் தொடச்சாரு. பல்லு கிட்டற பனி பெய்யற நேரத்துல."

சண்முகராஜா ஒரு சிட்டிகை எடுத்தார், தும்மவில்லை. அவர் தும்மாவிட்டால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"அம்மா பூரணி," என்றார். "உங்க பெரிய கங்காணி வீடு எங்க?"

*

கங்காணியின் வீடு லயத்துக்கு மேலே, மேட்டில் இருந்தது. வீட்டைச் சுற்றி முள்முருங்கைக் கம்பு நட்ட வேலி. அந்த வேலிக்கு ஒரு குணம் உண்டு: வளரும். மேலே அல்ல, பக்கவாட்டில். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கொஞ்சம் கீழே இறங்கி வரும். லயத்து ஜனங்கள் காய்கறி போட்டிருந்த பாத்திகள் ஒவ்வொன்றாக அதற்குள் போய்விட்டன. கடைசியாகப் போனது பூரணியின் பீன்ஸ் பாத்தி.

பாதை திரும்பியதும் பூரணி அப்படியே நின்றாள்.

"என்னாங்க இது?"

"என்னம்மா?"

"என் பாத்தி." அவள் குரல் கீச்சிட்டது. "வெளிய நிக்குது! காலையில நான் பஸ்ஸுக்குப் போறப்ப உள்ளதானே இருந்துச்சு!"

பீன்ஸ் கொடிகள் திறந்த வெளியில் நின்றன. அவற்றுக்குக் கீழ்ப்பக்கம் வரிசையாகக் குழிகள். கம்பைப் பிடுங்கிய அடையாளம். அவற்றில் பனித்தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது. வேலி மேலே தள்ளி நின்றது. புதிதாக நட்ட கம்புகளில் இலைகள் வாடித் தொங்கின.

"முதலாளி," என்றார் அழகுமுத்து மெதுவாக. "நான் இருபத்தஞ்சு வருஷம் இந்த மலையில நடந்தவன். வேலி முன்னால போறதைப் பாத்திருக்கேன். பின்னால போறதை இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

சண்முகராஜா பழைய குழியிலிருந்து புது வேலிவரை பாதத்தோடு பாதம் ஒட்டி வைத்து அளந்தார். அளந்து முடித்தவர் முகத்தில், பண்டிகை நாளில் பொடி தீர்ந்துபோன ஊருக்குள் டப்பியோடு நுழைபவனின் களை வந்தது.

"எத்தனை அடி?" என்றார் அழகுமுத்து.

"சரியா நாப்பது."

*

பெரிய கங்காணி சோலைமலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, தலப்பா, வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு. முந்நூறு ஆட்களை அதட்டிய குரல் அன்று தண்ணீர் விட்ட மோராக இருந்தது.

"வாங்க முதலாளி. அட்டன்லேருந்தா? என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லீங்க கங்காணியாரே. இந்தப் பக்கமா வந்தோம். பொடி போடுங்க."

கங்காணி டப்பிக்குள் விரலை விட்டார். எடுத்த பொடி நழுவி மடியில் விழுந்தது. மறுபடி எடுத்தார், நழுவியது. மூன்றாவது தடவை சண்முகராஜா அந்தக் கையை அன்போடு பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி, ரேகையே இல்லாமல் வழவழத்துச் சிவந்திருந்தன.

"கைநாட்டு வைக்கணும்னாக்கூட இனி அடுத்தவன் வெரலைத்தான் கேக்கணும்போல இருக்கே," என்றார் அழகுமுத்து.

சண்முகராஜா கையை விடவில்லை. குரலை மட்டும் இறக்கினார்.

"கங்காணியாரே, நாப்பது சரியாப் போச்சு. அளந்து பாத்தேன். பாக்கி எம்பதும் நூத்தியிருபதும் எப்ப?"

பிரம்பு கீழே விழுந்தது. கங்காணி நாற்காலியிலிருந்து எழாமலே சண்முகராஜாவின் காலில் விழ முயற்சி செய்தார்.

"உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா? சாமி, நாப்பது நெசம். ஒத்துக்கிறேன். எம்பது அபாண்டம்!"

"நூத்தியிருபது?"

"அது எங்க அப்பா காலத்துல!"

வீட்டுக்குள் ஓடினார். கோழிக்கூட்டுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து வந்தார். உள்ளே நாகலெட்சுமியின் பட்டிகள், சுருள் சுருளாக, ஒன்றும் குறையாமல் இருந்தன. கங்காணி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"வேலிக் கடதாசின்னு எழுதியிருந்துச்சு. தொரை பார்வைக்குன்னும் எழுதியிருந்துச்சு. எவனோ மொட்டை மனு போட்டு, சர்வேயர் வந்து அளந்து, கடதாசியும் தயார் பண்ணி அனுப்பிட்டான். தெறந்து பாத்தா முதுகுல இங்கிலீஷ் எழுத்து. நடுவுல கொட்டையா நாப்பது! எப்பிடிங்க அவ்வளவு சரியாக் கண்டுபிடிச்சான்? இந்தப் பக்கம் பெரட்டினா..." அவர் பட்டியைத் திருப்பிக் காட்டினார். "மண்ணு. எங்க நிலத்துச் செவப்பு மண்ணு. அதையே எடுத்துச் சாட்சிக்கு ஒட்டி அனுப்பியிருக்கான் பாவி!"

அழகுமுத்துவுக்கு இருமல் வந்தது. வேலியருகே போய் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, நெடுநேரம் இருமினார்.

"மண்ணைத் தேய்ச்சு எடுத்துரலாம்னு பாத்தேன்," என்றார் கங்காணி. "மண்ணு போகல. வெரலுதான் போச்சு."

"எரிச்சிருக்கலாமே?" என்றார் சண்முகராஜா, முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

"தொரை பார்வைக்குன்னு எழுதினதை எரிச்சா ஜெயிலு இல்லீங்களா? அதான் விடிஞ்சதும் நாப்பதை மட்டும் பின்னால தள்ளினேன். நல்ல மனசு இருக்கிறவன்னு எழுதிக்கட்டுமேன்னு."

பூரணி முன்னால் வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"இவரு எடுத்து வச்சிக்கிட்டு, எங்க வீட்டு ஆளுக்குப் பத்துச்சீட்டுன்னு கேட்டும் சும்மா உக்காந்திருந்தாருங்க."

கங்காணி தலையைக் குனிந்தார். அந்த நேரத்தில் அவர் அப்பாவைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

"கேளுங்க கங்காணியாரே," என்றார் சண்முகராஜா. "இப்பவே என்கூட வந்து, பெட்டிய எடுத்தது நான்தான்னு தொரைகிட்ட உங்க வாயால சொல்லணும். ஆசாரிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லணும். காரணம் என்ன வேணா சொல்லுங்க. நீங்க அதைச் சொன்னா, நம்பரைப் பத்தி நாங்க வாயத் தெறக்க மாட்டோம். வேலி நிக்கிற எடத்துலேருந்து ஒரு அங்குலம் கீழ வந்தா, நானே தொரைக்கு வாசிச்சுக் காட்டுவேன்."

"முருகன் மேல சத்தியம்!" என்றார் கங்காணி, பெட்டியைத் தானே தலையில் தூக்கிக்கொண்டார். பெரிய கங்காணி ஒருவர் தலையில் சுமை வைத்ததைக் கரடிமூக்குத் தோட்டம் அன்றுதான் பார்த்தது. கொழுந்து பறித்தவர்கள் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவரை முன்னால் விட்டு, பின்னால் நடந்தபோது அழகுமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முதலாளி, சிரிச்சுச் சிரிச்சுப் பல்லு ஆடுது. சர்வேயராவது மண்ணாவது. ஆனா அந்த வேலி எங்கேருந்துங்க வந்துச்சு?"

"லொறிக்காரர் வாயிலேருந்து. சிங்களத்துல மணலுக்கு என்னா?"

"வெலி." அழகுமுத்து நின்றுவிட்டார். "அட! வெலிக் கடதாசி! மணல் தாளு!"

"ரன்பண்டா சரியாத்தான் சொல்லியிருக்காரு. நம்ம கணக்கப்பிள்ளை எழுதறப்ப கொம்பை நீட்டிட்டாரு. வெலி வேலியாயிருச்சு. ஆசாரி உப்புத்தாளுங்கிறார், லொறிக்காரர் வெலிங்கிறார், புத்தகம் வேலிங்குது. காதுல கேட்டிருந்தா கங்காணிக்கே புரிஞ்சிருக்கும், அவரு பேசாத சிங்களமா? எழுத்துக்கூட்டிப் படிச்சாரு பாருங்க, அதான் மாட்டிக்கிட்டாரு. மனசுல வேலி இல்லாதவன் எவனும் அந்த வரியப் படிச்சு வேர்த்திருக்க மாட்டான்."

"சொல்லிரலாமா அவருகிட்ட?"

சண்முகராஜா திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்துகொண்டிருந்த பூரணி, மடி நிறையப் பீன்ஸ் பறித்திருந்தாள்.

"எதுக்கு?" என்றார்.

*

நாலு மணிக்கு இருபது நிமிஷம் இருந்தது. கொட்டகையில் மாயாண்டி தன் உளிகளைச் சாக்கில் கட்டிவைத்திருந்தார். துரையின் கையில் எழுதி முடித்த சீட்டு இருந்தது. மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தார்.

பெட்டி பலகைமேல் இறங்கியது.

"நான்தானுங்க தொரை எடுத்தது," என்றார் கங்காணி. "ஆசாரிக்கு ஒண்ணும் தெரியாது. மழை பெஞ்சா நனைஞ்சிருமேன்னு வீட்டுல வச்சேன்."

"ஏன் முன்னாடி சொல்லவில்லை?"

"தொரை என்கிட்டக் கேக்கவே இல்லீங்களே."

துரை யோசித்தார். அது உண்மைதான். எல்லாரையும் கேட்டார், பெரிய கங்காணியைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கையிலிருந்த சீட்டை இரண்டாகவும் நாலாகவும் கிழித்து, நாகரத்தினத்தின் கோட்டுப் பையில் போட்டார், அதுதான் பக்கத்தில் இருந்தது. கங்காணியைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தோட்டத்தில் ஒருவருக்கும் அது புரியவில்லை. எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது.

"ஆசாரி! சாக்கு அவிழ்! மெஷின் போடு!"

மாயாண்டிக்கு ஈரக்கண்ணைத் துடைக்க நேரமில்லை. நாற்பதாம் நம்பர் பட்டியை உருளைகளில் ஏற்றினார், சுவிட்சைப் போட்டார். நாகலெட்சுமி ஒரு முறை முனகி, பலகைமேல் படுத்து, மரத்து நாரோடு நாராக நகர்ந்தாள். ரம்பத்தின் வரப்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. செந்தூள் எழுந்தது. பிறகு எண்பது. பிறகு நூற்றியிருபது. பலகையின் பாதி முடிந்ததும் மாயாண்டி ஈரத்துணியால் துடைத்தார். எல்லாரும் குனிந்தார்கள், நாகரத்தினம்தான் எல்லாரையும்விட அதிகமாகக் குனிந்தார். ஒரு வட்டம் இல்லை, ஒரு பிறை இல்லை. மரத்தின் வரிகள் மட்டும் ஓடை மாதிரி நேராகப் போயின. ஒரு ஈ வந்து உட்கார்ந்து, வழுக்கி விழுந்து, நொண்டிக்கொண்டே போனது. அழகுமுத்து இன்றைக்கும் இதற்குச் சத்தியம் செய்வார்.

"இதுதான்!" என்றார் துரை. "இந்த மெஷின் வாங்கும்!"

நாகரத்தினம் பெருமூச்சு விட்டு, கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "பெரிய பலகைக்கு அதுதாங்க," என்றார் மாயாண்டியிடம். "எங்க கம்பெனிக்குச் சொல்லிராதீங்க."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை சண்முகராஜாவின் சட்டையை இழுத்தது. கங்காணி சோலைமலை. கண்ணில் பக்தி வழிந்தது.

"முதலாளி, நீங்க மனுசரே இல்லை. கடதாசிய மெஷின்ல மாட்டி, ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் தொரை கண்ணு முன்னாலயே தேய்ச்சு அழிச்சிட்டீங்களே! இனிமே சாட்சி ஏது?"

சண்முகராஜா அடக்கமாகத் தலையை அசைத்தார்.

"அப்ப..." கங்காணி குரலைத் தாழ்த்தினார். "வேலிய மட்டும் பழையபடி..."

"கணக்கப்பிள்ளை!" துரை கூப்பிட்டது கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. மேசைப் பலகையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கொழும்புக்கு எழுது. இன்னும் வழவழப்பு வேணும். இன்னும் கடதாசி வேணும். நம்பர் இருநூத்தி நாப்பது!"

அழகுமுத்து பின்பக்கமாகச் சாய்ந்தார்.

"கங்காணியாரே, இந்த இருநூத்தி நாப்பது யாரு காலத்துல?"

கங்காணி நின்ற இடத்தில் வெள்ளிப்பூண் பிரம்பு மட்டும் சாய்ந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பக்கமிருந்து கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அன்று அந்தியில் பார்த்தவர்கள், வேலி கங்காணியின் மாட்டுக்கொட்டிலையும் தாண்டிப் பின்னால் போய்விட்டது என்றும், மாடு வெளியே நின்று வீட்டைத் தேடியது என்றும் சொன்னார்கள்.

வைரவன் கணக்கப்பிள்ளை புத்தகத்தை விரித்து, பேனாவைத் தொட்டு, சண்முகராஜாவைப் பார்த்தார்.

"முதலாளி, நீங்க படிச்சவங்க. வரப்போற சாமானை நான் என்னான்னு எழுதட்டும்?"

சண்முகராஜா ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து, நிதானமாக, மனசாரத் தும்மினார்.

"முன்ன எழுதின மாதிரியே எழுதுங்க," என்றார். "கொம்பை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டி."